ஏழு சாக்கு, ஆறு சீட்டு

"ஏம்மா, ஏழு சாக்கு இறக்குனேன். சீட்டுல ஆறுதான் இருக்கு."

அவர் குரலில் கோபமே இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் அவர். கையில் இரண்டாக மடித்த சீட்டு, அதில் ஆறே வரிகள். அவர் இறக்கிய கொழுந்து அதற்குள் மற்றவர்களுடைய கொழுந்தோடு கலந்து மாடிக்கு, வாட்டப் போடும் இடத்துக்குப் போய்விட்டது. இனிமேல் எடுத்து எடை போட்டுப் பார்க்க வழியில்லை. ஒரு சாக்கு என்றால் இருபது, இருபத்திரண்டு கிலோ.

எடை போடும் அண்ணன் தன் கோடு போட்ட நோட்டைப் புரட்டினார். ஏழு என்று கையால் குறித்திருந்தார். மற்ற ஆறுக்கும் சராசரி பார்த்து ஏழாவதையும் சேர்த்துக் கொடுத்தார், அவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அந்தத் தொழிற்சாலைக்கு எடை மென்பொருளை எழுதிக் கொடுத்தவள் நான்.

என் தாத்தாவும் பாட்டியும் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிப் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள். அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தார். எடை போடும் கொட்டகையை எங்கள் வீட்டில் இன்றைக்கும் மடுவம் என்றுதான் சொல்வோம். சாயங்காலம் அம்மா வந்து உட்காருகிற விதத்தை வைத்தே, அன்றைக்குத் தண்ணீர்க் கழிவு என்று எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று சின்ன வயதில் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் எழுதிய நிரலே ஒரு சாக்கை விழுங்கிவிட்டது என்றால் அன்றிரவு தூக்கம் எப்படி வரும்?

அமைப்பு இதுதான். இறக்கும் இடத்தில் மூன்று எலக்ட்ரானிக் தராசுகள். மூன்றின் கேபிள்களும் ஏ.ஆர்.எம் சில்லு பொருத்திய ஒரு சின்ன போர்டில் வந்து சேரும். தராசுக்கு ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலையாள் மாதிரி) என்று மூன்று த்ரெட்கள் எடையைப் படித்து ஒரு வரிசையில் போடும். மறுமுனையில் இரண்டு த்ரெட்கள் வரிசையிலிருந்து எடுத்துக் கணக்கில் எழுதி, ஆளுக்கொரு பிரின்டரில் சீட்டு அடிக்கும். ஐந்து பேர் ஒரே வரிசையில் கை வைப்பதால், ஒருவர் தொடும்போது மற்றவர்கள் ஒதுங்கி நிற்க ஒரு லாக். பாடத்தில் படித்த முறை, எல்லோரும் செய்கிற முறை.

மூன்று நாள் பதிவுகளைத் தோண்டியதில் காரணம் பிடிபட்டது. எடுக்கும் த்ரெட்களில் ஒன்று, லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே மெமரி கார்டில் ஒரு வரி எழுதுகிறது. அந்தக் கார்டு எப்போதாவது ஓரிரு விநாடி அப்படியே நின்றுவிடும். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் தூங்கிப்போன மாதிரி. மூன்று தராசுகளின் த்ரெட்களும் வாசலில் நிற்கின்றன. ஆனால் சாக்கு தூக்குகிற ஆளுக்கு அது தெரியாது, அவர் தன் வேகத்தில் ஒன்றை இறக்கி அடுத்ததை ஏற்றி அதையும் இறக்கிவிட்டார். த்ரெட் விழித்ததும், தேங்கிக் கிடந்த பழைய அளவுகளைத் தள்ளிவிட்டுக் கடைசி அளவை மட்டும் பார்க்கும்படி நான்தான் எழுதியிருந்தேன். நடுவில் ஏறி இறங்கிய சாக்கை யாருமே பார்க்கவில்லை.

இதற்கு முதல் மருந்து பத்து நிமிட வேலை. கார்டில் எழுதுவதை லாக்குக்கு வெளியே கொண்டுபோனேன், பழையதைத் தள்ளிவிடும் வரியையும் நீக்கினேன். சாக்குத் தொலைவது அதோடு நின்றது. ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான நிரல்களுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். லாக் பிடிக்கும் நேரத்தைக் குறையுங்கள், அதற்குள் கோப்பு, நெட்வொர்க், பிரின்டர் எதையும் தொடாதீர்கள். போதும்.

ஆனால் எனக்கு உறுத்தல் போகவில்லை. லாக்குக்குள் நான்கே வரிதான் இருக்கிறது என்றாலும், அந்த நான்கில் எந்த இடத்திலும் இயங்குதளம் அந்த த்ரெட்டை ஓரம்கட்டிவிட்டு வேறொன்றை ஓடவிடலாம். லாக் அப்போதும் தூங்குபவர் கையில்தான் இருக்கும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் தானாகத் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இந்த வகைச் சிக்கலால்தான். வானிலைத் தகவல் சேர்க்கும் முன்னுரிமை குறைந்த பணி ஒரு லாக்கைப் பிடித்திருந்தது. அதை ஓடவிடாமல் நடுத்தர முன்னுரிமைப் பணி ஒன்று புகுந்துகொண்டது. மிக முக்கியமான பணியோ அந்த லாக்குக்காகக் காத்து நின்றது. உரிய நேரத்தில் அது முடியாததைக் கண்ட காவல் கடிகாரம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடக்கிவிட்டது. அங்கே லாக்கை எடுத்துவிடவில்லை. லாக் வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். அது அவர்களுக்குச் சரியான வழி. நான் வேறு வழியில் போனேன்.

லாக் இல்லாத வரிசை என்றதும் பலரும் வேகத்தைத்தான் நினைக்கிறார்கள். அது ஒரு வாக்குறுதி என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்: எந்த த்ரெட் எந்த வரியில் தூங்கிப்போனாலும், செத்தே போனாலும், மற்றவர்களில் யாராவது ஒருவருடைய வேலையாவது நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொருவருக்குமே இத்தனை அடிக்குள் முடியும் என்று உறுதி தருவது இதைவிடக் கடினமான இன்னொரு வகை. எனக்கு முதல் வகை போதுமானதாக இருந்தது.

இதற்கெல்லாம் அடித்தளம் சில்லுக்குள் இருக்கும் ஒரே ஒரு கட்டளை. கம்பேர்-அண்ட்-ஸ்வாப், சுருக்கமாக சி.ஏ.எஸ். "இந்த இடத்தில் நான் கடைசியாகப் பார்த்த மதிப்பே இன்னும் இருக்கிறதா? இருந்தால் என் புதியதை வை. மாறியிருந்தால் எதையும் தொடாமல், மாறிவிட்டது என்று மட்டும் சொல்." பார்ப்பதும் வைப்பதும் நடுவில் யாரும் புகமுடியாதபடி ஒரே மூச்சில் நடக்கும். ஐ.பி.எம் சிஸ்டம்/370 இயந்திரங்களில் 1970களிலேயே இது உண்டு. இன்டெல் பக்கம் 1989-இல் வந்த 486-இல் சேர்ந்தது. ஏ.ஆர்.எம் சில்லுகள் வெகுகாலம் இதையே இரண்டு படியாகச் செய்தன. வெறும் படித்தலையும் எழுதுதலையும் வைத்துக்கொண்டு இரண்டு த்ரெட்கள்கூட ஒருவருக்கொருவர் காத்திராமல் ஒரு முடிவுக்கு ஒத்துவர முடியாது, சி.ஏ.எஸ் இருந்தால் எத்தனை த்ரெட்களானாலும் முடியும் என்று மாரிஸ் ஹெர்லிஹி 1991-இல் நிறுவினார். முதன்முதலில் அதைப் படித்தபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்துதான் மறுபடி படித்தேன்.

வரிசைக்கு நான் எடுத்தது மாகெட் மைக்கேலும் மைக்கேல் ஸ்காட்டும் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 1996-இல் வெளியிட்ட முறை. ஜாவா மொழியில் கன்கரன்ட் லிங்க்டு க்யூ என்ற பெயரில் இருப்பதும் இதை ஒட்டியதுதான். சங்கிலி மாதிரி கண்ணி கண்ணியாகக் கோத்த வரிசை. தலையைக் காட்டும் ஒரு குறி, வாலைக் காட்டும் ஒரு குறி. வரிசை காலியாக இருந்தாலும் பேருக்கு ஒரு வெற்றுக் கண்ணி எப்போதும் இருக்கும்.

புதியதைச் சேர்க்க இரண்டு காரியம் செய்ய வேண்டும். கடைசிக் கண்ணியின் நுனியில் புதுக் கண்ணியைக் கோக்க வேண்டும். அப்புறம் வால் குறியைப் புதுக் கண்ணிக்கு நகர்த்த வேண்டும். சி.ஏ.எஸ் ஒரு நேரத்தில் ஒரு இடத்தைத்தான் மாற்றும், ஆக இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தே தீரும். அந்த இடைவெளியில் ஒரு த்ரெட் தூங்கிப்போனால்?

இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அவர்கள் கண்ட பதில்தான். அடுத்து வருபவர் வால் குறி காட்டும் கண்ணியைப் பார்க்கிறார். அதன் நுனியில் ஏற்கெனவே இன்னொன்று கோத்திருக்கிறது. அப்படியென்றால் யாரோ பாதியில் விட்டிருக்கிறார். உடனே வந்தவரே வால் குறியை நகர்த்தி அந்த வேலையை முடித்துவிட்டுத் தன் வேலையைத் தொடங்குகிறார். தூங்கியவர் பிறகு விழித்து, குறியை நகர்த்தப் பார்ப்பார். அது ஏற்கெனவே நகர்ந்திருப்பதால் அவருடைய சி.ஏ.எஸ் தோற்கும். தோற்றால் பரவாயில்லை, வேலை முடிந்துவிட்டது என்றுதான் அதற்குப் பொருள்.

மழைக்காலத்தில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் மரம் விழுந்து கிடந்தால், யார் முதலில் வருகிறார்களோ அவர்கள்தான் இறங்குவார்கள். கொழுந்து ஏற்றும் வண்டிகளில் அரிவாள் கிடக்கும். முன்னால் வந்தவர் கிளைகளைக் கழித்துவிட்டு ஒரு பைக் போகும் அளவுக்கு வழி செய்திருப்பார். அடுத்து வந்தவர், யார் வெட்டியது என்று விசாரிக்காமல், அவர் விட்ட இடத்திலிருந்து வெட்டுவார். அதற்கு ஒரே நிபந்தனை, எதுவரை முடிந்திருக்கிறது என்பது வருகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மைக்கேலும் ஸ்காட்டும் கோப்பதை முதலிலும் குறி நகர்த்துவதை இரண்டாவதிலும் வைத்ததற்குக் காரணம் அதுதான். இந்த இரண்டையும் முன்பின்னாக மாற்றி வைத்திருந்தால், பாதி வேலையைப் பார்க்கிற எவருக்கும் மீதி என்னவென்று தெரிந்திருக்காது.

எடுக்கும் பக்கம் ஒரு நுணுக்கம் மட்டும் சொல்கிறேன். தலை குறியை நகர்த்துவதற்கு முன்பே கண்ணிக்குள் இருக்கும் எடையைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். நகர்த்திய பிறகு அந்தக் கண்ணி நம்முடையதில்லை, இன்னொருவர் அதையும் தாண்டிப் போய்க் கழித்துவிடலாம்.

என் லேப்டாப்பில் எல்லாம் ஓடியது. போர்டில் போட்டதும் சில நிமிடத்துக்கொரு முறை எடை பூஜ்ஜியம் என்று சீட்டு வந்தது. லேப்டாப்பில் இருப்பது இன்டெல் வகைச் சில்லு, அது ஒரு த்ரெட் எதை முதலில், எதைப் பிறகு எழுதியதோ அதே ஒழுங்கில் மற்றவர்களுக்குக் காட்டும். ஏ.ஆர்.எம் அப்படி உத்தரவாதம் தருவதில்லை. எடையைக் கண்ணிக்குள் எழுதி, பிறகு கண்ணியைக் கோத்தாலும், கோத்தது முதலில் தெரிந்து எடை பின்னால் தெரியலாம். "இதற்கு முன் எழுதியதெல்லாம் தெரிந்த பிறகே இது தெரியட்டும்" என்று நாம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழியில் அதைக் கேட்க முறையான வழி 2011-இல்தான் வந்தது. கோக்கும் இடத்தில் அதைச் சேர்த்ததும் பூஜ்ஜியம் நின்றது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் போனில் கூப்பிட்டார். ஒரே சீட்டு இரண்டு முறை வந்திருக்கிறது, இன்னொருவருடைய சீட்டு வரவே இல்லை.

முன்பு ஒரு சாக்கு தொலைந்தது. இப்போது ஒருவருடைய கொழுந்து இன்னொருவர் பெயரில் ஏறியிருக்கிறது. இது அதைவிட மோசம். தொலைந்தால் நோட்டைப் பார்த்துச் சேர்க்கலாம். பெயர் மாறினால் அடுத்தவரைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

வரிசையில் தவறில்லை, அதை எத்தனையோ முறை சோதித்துவிட்டேன். தவறு பக்கத்தில் இருந்த அடுக்கில். ஒவ்வொரு எடைக்கும் புதிதாக நினைவகம் கேட்காமல், 256 கண்ணிகளை முன்னாலேயே எடுத்து எண் போட்டு வைத்திருந்தேன். சும்மா இருப்பவை ஓர் அடுக்கில் இருக்கும். வேண்டும்போது மேலே இருப்பதை எடுப்பது, முடிந்ததும் மேலே வைப்பது. ஐ.பி.எம்மில் இருந்த ட்ரைபர் 1986-இல் எழுதிவைத்த முறை அது, இருப்பதிலேயே எளிமையானது. மேலே எது என்று பார், அதற்குக் கீழே எது என்று பார், "மேலே இன்னும் அதுவேதான் என்றால் கீழே இருந்ததை மேலாக்கு" என்று ஒரு சி.ஏ.எஸ். தோற்றால் மறுபடி முதலிலிருந்து. ஐந்தாறு வரிதான், அதனாலேயே நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிரவு பார்ப்பதற்கும் சி.ஏ.எஸ்ஸுக்கும் நடுவில் வேண்டுமென்றே ஐம்பது மில்லி விநாடித் தூக்கம் ஒன்றைப் போட்டு ஓடவிட்டேன். இந்த மாதிரிப் பிழையைத் தேடுகிறவர்கள் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். வாரக்கணக்கில் ஒருமுறை வருவதை அது சில விநாடிக்குள் கண்முன் கொண்டுவந்துவிடும். திரையில் வந்ததை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்.

முதல் தராசின் த்ரெட் அடுக்கைப் பார்க்கிறது: மேலே 17, அதற்குக் கீழே 42. அங்கேயே தூங்குகிறது. இரண்டாவது தராசு 17-ஐ எடுக்கிறது. மூன்றாவது தராசு 42-ஐ எடுத்து, ஒருவருடைய எடையை அதில் எழுதி வரிசையில் கோக்கிறது. அதற்குள் 17-இன் வேலை முடிந்து, அது அடுக்கின் மேலே திரும்ப வந்து உட்காருகிறது. இப்போது முதல் தராசு விழிக்கிறது. மேலே 17-தானா? ஆமாம், 17-தான். சி.ஏ.எஸ் வெற்றி. "கீழே இருந்த" 42 அடுக்கின் மேல் கண்ணியாகிறது. ஆனால் 42 வரிசையில் ஒருவருடைய எடையைச் சுமந்துகொண்டிருக்கிறது! அடுத்து கண்ணி கேட்டு வருகிறவருக்கு அந்த 42-ஐயே நீட்டுகிறோம், அவர் அதன்மேல் தன் எடையை எழுதுகிறார்.

இதற்கு ஏ-பி-ஏ சிக்கல் என்று பெயர். ஏ இருந்தது, பி ஆனது, திரும்ப ஏ ஆனது. பார்க்கிறவருக்கு எதுவுமே நடக்காதது போலத் தெரிகிறது. பெயர் எனக்குத் தெரியும், நேர்முகத் தேர்வுகளில் பதிலும் சொல்லியிருக்கிறேன். என் நிரலில் என் கண்முன் நடப்பதைப் பார்ப்பது வேறு.

மறுநாள் காலையில் தொழிற்சாலைக்குப் போனேன். சீட்டு மாறிய இருவரிடமும் நானே பேச வேண்டும் என்று தோன்றியது. அவர்கள் வரும்வரை இறக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாக்குகளில் தகர வில்லை கட்டித்தான் வரும், வில்லையில் எண் இருக்கும். இறக்கிய சாக்குகள் வில்லையோடு அதே வண்டியில் திரும்பப் போய், அடுத்த நடைக்குக் கொழுந்தோடு வரும். அண்ணன் ஒவ்வொரு சாக்கிலும் வில்லை எண்ணுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் இன்னொரு எண் போட்டுக்கொண்டிருந்தார். 31-க்குப் பக்கத்தில் 2. 8-க்குப் பக்கத்தில் 2.

"அது என்னண்ணே ரெண்டு?"

"ரெண்டாம் நடைம்மா. வில்லை நம்பர மட்டும் பார்த்தா ஏமாந்துருவோம். காலையில வந்த முப்பத்தொண்ணும் இதுவும் ஒரே சாக்குதான், ஆனா உள்ள இருக்கிற கொழுந்து வேற ஆளோடது. நடையும் சேர்த்துப் பார்த்தாதான் கணக்கு நிக்கும்."

நான் தேடிக்கொண்டிருந்த திருத்தமும் அதுதான். மைக்கேலும் ஸ்காட்டும் தங்கள் 1996 கட்டுரையில் ஒவ்வொரு குறியோடும் ஒரு எண்ணிக்கையைச் சேர்த்தே வைத்திருந்தார்கள். சும்மா இருக்கும் கண்ணிகளுக்கு ட்ரைபர் அடுக்கைப் பயன்படுத்தச் சொன்னதும் அவர்கள்தான். வரிசைக்கு எண்ணிக்கை போட்ட நான், அடுக்குக்குப் போடாமல் விட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து செய்தது இவ்வளவுதான். என் கண்ணிகளை நான் நினைவக முகவரியால் குறிப்பதில்லை, எண்ணால்தான். அதனால் 64 பிட் கொண்ட ஒரே சொல்லில் கீழ்ப் பாதி கண்ணி எண், மேல் பாதி நடை எண். அடுக்கின் மேல் குறியை யார் மாற்றினாலும் நடை ஒன்று கூடும். தூங்கி எழுந்த த்ரெட் 17-ஐப் பார்க்கும், ஆனால் அது தூங்கும்போது நடை 900 என்றால் இப்போது 903. சி.ஏ.எஸ் தோற்கும், மறுபடி முதலிலிருந்து பார்க்கும். 32 பிட் எண் ஒரு சுற்று முடிந்து பழைய எண்ணுக்குத் திரும்ப 429 கோடி மாற்றங்கள் நடக்க வேண்டும். எங்கள் மலையில் அத்தனை சாக்கு விளையாது.

முகவரிகளோடு வேலை செய்பவர்களுக்கு இது இவ்வளவு சுலபமில்லை. முகவரியையும் நடை எண்ணையும் சேர்த்தே ஒரே மூச்சில் மாற்றும் இரட்டை அகல சி.ஏ.எஸ் உள்ள சில்லு வேண்டும். இல்லையென்றால், "இந்தக் கண்ணியை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கழிக்காதே" என்று ஒவ்வொரு த்ரெட்டும் பலகையில் எழுதி வைக்கும் ஹசார்டு பாயின்டர் முறை இருக்கிறது, அதுவும் மாகெட் மைக்கேலுடையதுதான். ஜாவாக்காரர்களுக்கு நினைவகத்தைத் துப்புரவு செய்யும் பொறுப்பு மொழியுடையது என்பதால், கண்ணிகளைத் தாங்களே மறுபயன்பாடு செய்யாதவரை இந்தத் தலைவலி கிடையாது. போடுபவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர் மட்டுமே என்றால் இதில் எதுவுமே வேண்டாம். ஒரு வட்ட அணியும் (கடைசி இடத்துக்குப் பின் முதல் இடத்துக்கே திரும்பும் இடங்களின் தொகுப்பு) இரண்டு குறிகளும் போதும், சி.ஏ.எஸ்கூடத் தேவையில்லை.

வேகம் கூடியதா என்று கேட்கிறார்கள். என் அளவில் வித்தியாசம் தெரியவில்லை. பல த்ரெட்கள் ஒரே குறியை மோதும்போது லாக் இல்லாத முறை மெதுவாகவும் போகலாம், தோற்றவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப முயல்வார்கள் அல்லவா. தலை குறியும் வால் குறியும் ஒரே 64 பைட் கேஷ் வரியில் (சில்லு நினைவகத்திலிருந்து ஒரே மொத்தமாக எடுக்கும் துண்டு) இருந்தால் போடுபவரும் எடுப்பவரும் காரணமே இல்லாமல் இடித்துக்கொள்வார்கள், அவற்றைத் தள்ளி வைக்க வேண்டும். அதையும் செய்தேன்.

எத்தனை முறை தோற்று மறுபடி முயன்றது என்று ஒவ்வொரு த்ரெட்டும் இப்போது எழுதி வைக்கிறது. மழைக்குப் பிறகு கொழுந்து ஒரேயடியாக வந்த வாரத்தில் தினமும் சாயங்காலம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகபட்சம் நான்கு. மெமரி கார்டு இன்னமும் நடுநடுவே நிற்கிறது, பதிவில் தெரிகிறது. அந்த நேரத்திலும் தராசுகள் நிற்கவில்லை.

சீட்டு மாறிய இருவரும் அன்றைக்கு ஒன்றாகவே வந்தார்கள். நடந்ததைச் சொல்லி, இரண்டு பேர் கணக்கையும் நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்திக் கொடுத்தேன். ஒருவர் 42-ஆம் கண்ணி கதையை முழுக்கக் கேட்டார். மற்றவர் சீட்டை மட்டும் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார்.

அடுத்த வாரம் நான்காவது தராசு வருகிறது. கண்ணிகளை 512 ஆக்க வேண்டும். அந்தத் தூக்கத்தை மறுபடி நடுவில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓடவிட வேண்டும்.